ராத்திரி ஒம்பது மணிக்கு ரத வீதிய சுத்தி நடந்து பாருங்க

திருநெல்வேலி டவுணுல பொம்பளப்பிள்ளைய பயமில்லாம நடமாட என்ன செய்யணும்னு கேட்டா எல்லாரும் கேமரான்னுதான் சொல்லுதாவ. கேமரா நடந்து முடிஞ்சதத்தான் காட்டும். என்னயக் கேட்டா மொதல்ல அந்தப் பிள்ளைகளயே கூட்டிட்டு ஒரு நா நடக்கணும், அவங்க எங்க வேகமாப் போறாங்கன்னு பாக்கணும்.

அஞ்சாறு பேரு போதும், ஆனா ஆளு கலந்து இருக்கட்டும். டியூஷன் போற பிள்ளை, ஜவுளிக்கடையில வேல முடிச்சு ராத்திரி எறங்குத அக்கா, முட்டுவலிக்கார ஆச்சி. ஆம்பளைய ஒருத்தர் ரெண்டு பேரு வரட்டும், ஆனா பேசாம கேட்டுட்டு வரணும், நமக்குப் பயமாத் தெரியுத எடம் அவங்க கண்ணுக்கு வெறும் முக்குதான்.

ஒரே வழிய ரெண்டு தடவ நடங்க, பகல்ல ஒண்ணு, கட அடைக்கையில ஒண்ணு. நெல்லையப்பர் கோயில சுத்தி நாலு ரத வீதியவே எடுத்துக்கிடுங்க, ஷட்டர் எறங்கின பெறவு அதே ரோடு வேற ரோடாயிரும். லைட்டு எரியுதான்னு மட்டும் பாத்தா பத்தாது, வெளிச்சம் நடக்க எடத்துல விழுதா இல்ல ரோட்டு நடுவுல மட்டுமா, மரக்கிளை மறைக்குதா, எதுக்க வாரவன் மூஞ்சி பத்து பன்னெண்டு அடி தள்ளியே தெரியுதா, ட்ரான்ஸ்பார்மர் பின்னாலயோ நிப்பாட்டிப் போட்ட வேன் பின்னாலயோ ஒருத்தன் ஒளிஞ்சு நிக்கலாமா, நடைபாதை உடைஞ்சு ரோட்டுல எறங்க வேண்டியிருக்கா, கக்கூஸ் தொறந்திருக்கா, எல்லாத்தயும் எழுதுங்க. 1989ல கனடாவுல டொராண்டோ பொம்பளைங்க இப்படித்தான் நடந்து எழுத ஆரம்பிச்சாங்க. 2013ல டெல்லியில வந்த சேஃப்டிபின் ஆப்பும் கிட்டத்தட்ட இதயேதான் கேக்கும், அதோட உனக்கு இங்க நிக்க எப்படி இருக்குன்னும் ஒரு கேள்வி உண்டு, அதுதான் முக்கியம். எங்க கூட வந்த பத்தாங்கிளாஸ் பிள்ளை ஒரு சந்து முன்னால "இதுல மட்டும் போன காதுல வச்சுப் பேசுத மாரி நடிச்சுட்டே போவேன் அத்தை"ன்னு சொன்னா. அந்தச் சந்துல நான் இருவது வருஷமாப் போறேன், எனக்கு அது தெரியவே இல்ல.

ஆனித் தேர், தீபாவளிக் கூட்டம் எல்லாம் வேற கத. அங்க இருட்டு இல்ல, வெலகி நிக்க எடம் இல்ல, அதான் இடிச்சுட்டுப் போறான். எந்தக் கடப் படியில பிள்ளை ஏறி நிக்கலாம்னு அண்ணாச்சிமார்ட்ட முன்னாலயே பேசி வைங்க.

இன்னொண்ணு கெஞ்சிக் கேக்கேன், சுத்தம் பண்ணுதோம்னு பூக்கார அக்காவயும் இட்லிக்கட ஆச்சியவும் வெரட்டாதீங்க. ராத்திரி பத்து மணிக்கு அந்த முக்குல ஒரு பொம்பள ஒக்காந்திருந்தா அவ கண்ணுதான் காவல்.

பெறவு மனு. "பயமா இருக்கு, நடவடிக்கை எடுங்க"ன்னு எழுதினா ஃபைல்ல தூங்கும். லைட்டுப் போஸ்ட்டுல நம்பர் எழுதியிருந்தா அதக் குறிச்சு, எத்தன நாளா எரியலன்னு போட்டு, போட்டோ சேத்து, மாநகராட்சிக்கும் கவுன்சிலருக்கும் குடுங்க. அசையலன்னா திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போங்க, ரசீது வாங்காம வராதீங்க.

கண்ணு முன்னாலயே ஒருத்தன் தொந்தரவு பண்ணுதானா, அவங்கிட்ட மல்லுக்கு நிக்காண்டாம், நேரா அவகிட்டப் போயி "ஏட்டி, ஒங்கம்ம தேடுதா, வா"ன்னு தெரிஞ்சவ மாரி கூட்டிட்டு வந்துருங்க. அவசரத்துக்குப் போன் போட 112, பொம்பளைங்களுக்கு 181, பதினெட்டு வயசுக்குள்ளன்னா 1098. ஈவ் டீசிங்னு லேசாச் சொல்லுத விஷயத்துக்குத் தமிழ்நாட்டுல 1998லயே தனிச் சட்டம் இருக்கு, பஸ், பஸ் ஸ்டாப்பு, ரோடு, கோயில் எல்லாம் அதுல வரும். "நீ எதுக்கு அந்நேரம் அங்க போன"ன்னு மட்டும் வீட்டுல கேட்டுராதீங்க, அப்படி ஒரு தடவ கேட்டா அடுத்த தடவ அவ சொல்லவே மாட்டா.

ஒரு மாசம் கழிச்சு அதே ஆளுக, அதே வழி, அதே நேரம். லைட்டு வந்துச்சான்னு பாக்கதோட நிக்காம, அந்தப் பிள்ளை இப்பவும் போன காதுல வைக்காளான்னு பாருங்க.