புற்றுநோய் வந்த வீட்டுக்கு உதவி எங்கெங்கே கிடைக்கும்?

பயாப்ஸி (புற்றுநோயா என்று பார்க்கும் திசுப் பரிசோதனை) முடிவு கைக்கு வந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது நகையை அடகு வைப்பதுதான். அதைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கினால் பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். அதனால் முதலில் காப்பீட்டு அட்டை, பிறகு மருத்துவமனை. ஆனால் ரத்தப் புற்றுநோய், ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல், சாப்பாடு இறங்காத அடைப்பு இவற்றுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது. உடனே சேர்த்துவிட்டு, வீட்டில் ஒருவர் அன்றைக்கே அட்டை வேலையைத் தொடங்கட்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இந்தத் திட்டம் தருகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குங்கள். அதோடு ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். காரியம் கெடுவது பெரும்பாலும் ரேஷன் அட்டையில்தான். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறு எழுத்து என்றால் அங்கேயே நின்றுவிடும். தனியாகக் கிராமத்தில் இருக்கும் அம்மாவின் பெயர் மகனின் அட்டையில் இல்லாமல் இருக்கும். புதிதாக வந்த மருமகளின் பெயர் சேர்க்கப்படாமல் இருக்கும். இதை வட்ட வழங்கல் அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ முதலில் சரிசெய்யுங்கள். இந்த 5 லட்சம் குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான், ஆளுக்கு ஆள் அல்ல. அதே ஆண்டில் வீட்டில் வேறொருவருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மீதி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது “உங்களிடம் காப்பீடு உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் போதாது. இதய சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் புற்றுநோய்க்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். எந்தச் சிகிச்சை என்று குறிப்பிட்டு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். விலை உயர்ந்த மருந்துகள் வாங்க அது உதவும். சென்னைக்குப் போகத்தான் வேண்டும் என்றும் இல்லை. காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பல அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. சென்னையில் என்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் லாப நோக்கில்லாத நிறுவனம்.

வேலைக்குப் போகிறவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தா கட்டுகிறவரா? அப்படியானால் காப்பீட்டுத் திட்டத்துக்கு முன் அங்கே போங்கள். பலருக்குச் சிகிச்சை கிடைக்கும் என்பது மட்டும்தான் தெரியும். சம்பளத்துக்கு ஈடாகப் பணமும் உண்டு என்பது தெரியாது. புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு ‘நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி’யாகச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். இரண்டு ஆண்டு வேலையும் அதற்குரிய சந்தா நாட்களும் இருக்க வேண்டும். வேலையை ராஜினாமா செய்யும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேராகத் தனியாருக்குப் போனால் பிறகு செலவைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே ஒரு கோப்பு. அதை ஒருவர்தான் வைத்திருக்க வேண்டும். பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன் அறிக்கையோடு அதன் சி.டி., ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சுருக்கம், காப்பீட்டு அட்டை நகல் எல்லாம் தேதி வாரியாக இருக்கட்டும். அறிக்கையோடு பயாப்ஸி ஸ்லைடுகளையும் (திசு ஒட்டிய கண்ணாடித் தகடுகள்) மெழுகு பிளாக்கையும் (திசுவை மெழுகில் பதித்த கட்டி) கேட்டு வாங்குங்கள். இரண்டாவது மருத்துவமனை பார்க்க விரும்புவது அவற்றைத்தான். இல்லாவிட்டால் நோயாளிக்கு மறுபடி ஊசி குத்த நேரலாம். பிளாக்கை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகும்.

ரயிலில் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் இல்லை; உடன் செல்லும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம் சலுகை. இரண்டாம் வகுப்பிலும் ஏசி சேர் காரிலும் இருவருக்குமே 75 சதவீதம். மருத்துவமனையில் இதற்கென உள்ள படிவத்தில் மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கி, கவுண்டரில் டிக்கெட் எடுக்க வேண்டும். தட்கலில் கிடைக்காது. முத்திரை மங்கலாக இருந்தால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அங்கேயே பார்த்து வாங்குங்கள். தங்குவதற்கு லாட்ஜ் எடுக்கும் முன் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். கதிர்வீச்சு சிகிச்சை பல வாரம் நடக்கும். குறைந்த வாடகை விடுதிகள், அன்னதானம் நடக்கும் இடங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும்.

வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம். கீமோவுக்கு (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) பின் ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்க வேண்டாம். இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அவசரப் பிரிவில் “கீமோ நடக்கிறது” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வலியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சை என்பது கைவிட்ட நிலைக்கானது அல்ல, கீமோ நடக்கும்போதே அதைக் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து புண்ணைப் பார்ப்பதும் படுக்கையிலிருப்பவரைக் கவனிப்பதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை எழுதித் தந்தால் பயப்படாதீர்கள். சாதாரண வகை மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் நாலு மணி நேரம்தான். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே கேளுங்கள். பலர் மார்ஃபினை நிறுத்துவது இதனால்தான். எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, ஆகவே மாத்திரை தீர நான்கைந்து நாள் இருக்கும்போதே போய் வாங்குங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர்தான் முதலில் சோர்ந்துபோவார். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்கிற உறவினரிடம் ஒரு வேலையைக் கையோடு கொடுங்கள்: செவ்வாய்க்கிழமை பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, வியாழன் இரவு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்வது. தூக்கம் போய், அழுகை அடங்காத நாட்களில் 14416-ஐ அழையுங்கள். அது அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலிமனஸ், இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அடையாறு நிலையத்தில் மனநல ஆலோசனைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

பிள்ளைகளிடம் “அம்மா ஊருக்குப் போயிருக்கா” என்று சொல்லாதீர்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். முடி கொட்டும், அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இது ஒட்டிக்கொள்ளாது, அம்மா மடியில் படுக்கலாம், நீ எதுவும் செய்ததால் இது வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரே முறை சொன்னால் போதாது. அடுத்த வாரமும் சொல்லுங்கள்.