கோழிக்குத் தீனிப்பை புளித்துவிட்டால் என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தவிடும் நொய்யும் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும் நம் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்தில், வீட்டுக் கோழி தீனி எடுக்காமல் கழுத்தை நெளித்துக்கொண்டு நின்றால் உடனே சளி மாத்திரையைத் தேடாதீர்கள். விழுங்கிய தீனி முதலில் தங்கும் கழுத்தடிப் பையான தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்.

சாயங்காலம் தொட்டால் ஒன்றும் தெரியாது, மேய்ந்து வந்த எந்தக் கோழிக்கும் அது புடைத்துத்தான் இருக்கும். ராத்திரி தனியாக அடைத்து, விடிந்ததும் தீனி வைப்பதற்கு முன்னால் பாருங்கள். கழுத்து நெஞ்சோடு சேரும் இடம், கொஞ்சம் வலப்பக்கமாக. நல்ல கோழிக்கு அங்கே ஒன்றும் தட்டுப்படாது. தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி தளதளவென்று இருந்து, அலகைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். வாய்க்குள் வெள்ளைத் திட்டும் இருக்கலாம். கெட்டியாக உருண்டையாக இருந்தால் அது அடைப்பு, அதற்கு வைத்தியமே வேறு.

சரி, அடுத்து தீனியை நிறுத்துங்கள், சுத்தமான தண்ணீர் மட்டும் வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் பட்டினி போடவேண்டாம். தலைகீழாகப் பிடித்துக் கக்க வை என்பார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் கோழி கையிலேயே போய்விடும். மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) மருந்தென்று கண்ணளவில் தண்ணீரில் கலக்குவதும் அப்படித்தான், அளவு மீறினால் விஷம்.

அன்றைக்கே பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ தூக்கிப் போங்கள். பெரும்பாலும் நிஸ்டேடின் சொட்டு மருந்து தருவார்கள். எடைக்குத் தகுந்த அளவு என்பதால் வீட்டிலேயே எடை போட்டுக்கொண்டு போவது நல்லது. இந்த மருந்து ரத்தத்தில் கலப்பதில்லை, பூஞ்சை மேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும், அதனால் வயிறு காலியாக இருக்கும்போது அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக, அது விழுங்க விழுங்க விடுங்கள். கோழி தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

சமீபத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துப்போவதால்தான் பல கோழிகளுக்கு ஈஸ்ட் தலைதூக்குகிறது.

அப்புறம் தீனியை ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பழைய சோறு, ரொட்டி, வெல்லம் எதுவும் வேண்டாம். பூசணம் பிடித்த தவிட்டைக் காயவைத்துப் போடலாமா என்று யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். மருந்து முடிந்த பிறகும் காலையில் தீனிப்பை காலியாகவில்லை என்றால், உள்ளே வேறு கோளாறு இருக்கலாம், மறுபடியும் டாக்டரிடம் காட்டுங்கள்.