பழைய விசைப்படகின் கியர் பெட்டி: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

படகின் பின்புறம் வெளியே மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சினின் கியர் பெட்டியை மாற்ற முடிவெடுக்கும் முன், படகைக் கரையில் ஓர் இரவு அசையாமல் நிறுத்துங்கள். காலையில் எஞ்சினை இயக்காமல், கியர் பெட்டியின் எண்ணெயை வடிக்கும் அடித்திருகை மட்டும் மெல்லத் தளர்த்தி, முதலில் வடிவதை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. உள்ளே புகுந்திருந்தால் அதுதான் முதலில் வரும். தண்ணீரோ, பால்போல் வெளுத்த எண்ணெயோ மட்டும் வந்தால் பெரும்பாலும் தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையமான சீல் தேய்ந்திருக்கும். அதை உடனே மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பேரிங் துருப்பிடித்துவிடும், செலவும் பல மடங்காகும். திருகின் காந்த முனையில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். விரலில் நெருடும் உலோகச் சில்லுகள் வந்தால் மட்டும் கியர் பெட்டி முழுவதையும் மாற்றும் விலையைக் கேளுங்கள். அண்மையில் எண்ணெய் மாற்றிய படகிலும், உப்புநீர் கியர் பெட்டியின் வெளிக்கூட்டையே அரித்துவிட்ட படகிலும் இந்தச் சோதனை உதவாது.