பருவ நாட்களில் முரண்டு பிடிக்கும் பெண் குதிரையைக் கையாளும் முறை: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

சேணம் பூட்டப் போகும்போது காதைப் பின்னால் மடக்குவது, வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வருவது, பக்கத்துக் குதிரையைக் கண்டதும் கத்திக்கொண்டு பின்னங்காலை வீசுவது, சவாரியின் நடுவே நின்று சிறுநீர் கழிக்க முற்படுவது என்று பெண் குதிரை வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒன்றைப் பார்த்திருப்பார்கள். காரணம் கேட்டால், "பருவத்தில் இருக்கிறது, நான்கு நாளில் சரியாகிவிடும்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பதில் சில சமயம் சரியாக இருக்கும். ஆனால் அது தவறாகும்போதெல்லாம், வலியில் இருக்கும் ஒரு விலங்கு சிகிச்சை கிடைக்காமல் தொடர்ந்து வேலை செய்கிறது. ஆகவே இந்த விளக்கத்தில், நடப்பது உண்மையிலேயே பருவத்தின் விளைவுதானா என்று உறுதி செய்வதை முதலிலும், குதிரையைக் கையாளும் முறைகளை அதன் பிறகும் வைத்திருக்கிறேன்.

முதல் படி: சுழற்சியை அறிந்துகொள்ளுங்கள்

பெண் குதிரையின் சினைப்பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாட்கள் கொண்டது. அதில் 5 முதல் 7 நாட்கள் வரை அது பருவத்தில், அதாவது ஆண் குதிரையை ஏற்கும் நிலையில், இருக்கும். மீதமுள்ள 14 முதல் 16 நாட்கள் ஆண் குதிரையை ஏற்காத இடைக்காலம். பருவ நாட்களில் சூலகத்தில் சினைமுட்டை வளரும் நீர்ப்பை பெரிதாகி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பருவம் முடிவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன் முட்டை வெளிப்பட்டதும், அந்த இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. புரோஜெஸ்டிரான் உடலில் இருக்கும் வரை பருவ நடத்தை அடங்கியிருக்கும். சினை பிடிக்காவிட்டால் இரண்டு வாரங்களில் கருப்பை சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அந்தத் திசுவை அழிக்க, சுழற்சி மீண்டும் தொடங்குகிறது.

பகல் நீளும் மாதங்களில் பருவத்துக்கு வருவது குதிரையின் இயல்பு. குளிர்நாடுகளில் குளிர்காலம் முழுவதும் பெரும்பாலான பெண் குதிரைகளின் சூலகம் ஓய்ந்திருக்கும். வசந்தத்தின் தொடக்கத்தில் முட்டை வெளிப்படாமலே பல நாட்கள் நீளும் ஒழுங்கற்ற பருவங்கள் வரும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேர அளவுக்குத்தான் வேறுபாடு என்பதால், நம் பகுதியில் வளரும் பல குதிரைகள் ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரக்கூடும். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளில் "குளிர்காலத்தில் தொல்லை இருக்காது" என்று படித்துவிட்டு மார்கழியில் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

இரண்டாம் படி: உண்மையான அறிகுறிகளைப் பிரித்தறியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பருவத்தில் இருக்கும் குதிரை வாலைத் தூக்கி ஒருபுறம் ஒதுக்கும். பின்னங்கால்களை அகட்டி இடுப்பைத் தாழ்த்தும். சிறிது சிறிதாக அடிக்கடி சிறுநீர் கழிக்கும். பிறப்புறுப்பின் உதடுகளைத் திறந்து திறந்து மூடும். ஆண் குதிரை அருகில் இருந்தால் அதன் பக்கம் நகர்ந்து பின்புறத்தைத் திருப்பி நிற்கும். கவனம் சிதறும், சொன்னதைச் செய்யத் தாமதிக்கும், சில குதிரைகள் சோம்பிக்கூட நிற்கும். சுருங்கச் சொன்னால், உச்சப் பருவத்தில் இருக்கும் குதிரை பொதுவாக இணக்கமாகவே இருக்கும். காதை மடக்கிக் கத்தி, உதைத்து, கடித்து ஆண் குதிரையை விரட்டுவது பெரும்பாலும் இடைக்காலத்தின் நடத்தை. "கடிக்கிறது, எனவே பருவம்" என்று பலர் முடிவு செய்யும்போது, உண்மை அதற்கு நேர் எதிராக இருப்பதும் உண்டு.

இன்னொரு குழப்பமும் உண்டு. அச்சத்தில் இருக்கும் குதிரை, குறிப்பாகப் புதிதாகப் பழக்கப்படும் இளங்குதிரை, வாலைத் தூக்கிச் சிறுநீரைப் பீய்ச்சி, பிறப்புறுப்பைத் திறந்து மூடி, கத்தவும் செய்யும். பார்ப்பதற்குப் பருவம் போலவே இருக்கும் இந்த நடத்தை, "என்னை ஒன்றும் செய்யாதே" என்ற பணிவின் வெளிப்பாடு. இது நாள் கணக்கில் நீடிக்காது. ஒரு குறிப்பிட்ட ஆளோ இடமோ கருவியோ எதிர்ப்படும்போது தோன்றி, அது விலகியதும் மறையும். அத்தகைய குதிரைக்கு ஹார்மோன் மருந்து கொடுப்பதால் பயனில்லை; அதைப் பழக்கும் முறையை மாற்ற வேண்டும்.

மூன்றாம் படி: மூன்று சுழற்சிகளுக்குக் குறிப்பு எழுதுங்கள்

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். தினமும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே ஆள், மேலே சொன்ன பருவ அறிகுறிகள் தெரிந்தனவா என்பதை ஒரு பக்கத்திலும், அன்று குதிரை செய்த தொல்லை என்ன, எப்போது, யார் அருகில் இருந்தபோது என்பதை எதிர்ப்பக்கத்திலும் எழுத வேண்டும். இரண்டையும் கலந்து எழுதக் கூடாது; "இன்று பருவக் கோபம்" என்று எழுதினால், ஆராய்ந்து அடைய வேண்டிய முடிவை முன்கூட்டியே எழுதியவர்கள் ஆவீர்கள். தீவனம் முழுவதையும் தின்றதா, சாணம் இயல்பாக இருந்ததா, எவ்வளவு நேரம் வேலை செய்தது, லாடம் அடித்த நாள், சேணம் மாற்றிய நாள் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள்.

ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் மூன்று சுழற்சிகள் கடந்துவிடும். அப்போது இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். தொல்லை ஐந்து முதல் ஏழு நாட்கள் இருந்து, இரண்டு வாரம் அடங்கி, மூன்று முறையும் பருவ அறிகுறிகளோடு சேர்ந்தே வந்திருந்தால், அதற்கும் சுழற்சிக்கும் தொடர்பு இருப்பதாகக் கொள்ளலாம். எல்லா நாட்களிலும் சமமாக இருந்தாலோ, சேணம் பூட்டும் நேரத்தில் மட்டும் வந்தாலோ, பருவத்தைக் குறை சொல்ல இடமில்லை. இந்தப் புத்தகத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினால் அவருடைய வேலை பாதியாகக் குறையும்.

பக்கத்தில் ஆண் குதிரையே இல்லாத இடங்களில் சில பெண் குதிரைகள் அறிகுறிகளை வெளிக்காட்டாமல் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அப்படிப்பட்டவற்றுக்கு மருத்துவரின் ஸ்கேன் பரிசோதனையைக் கொண்டுதான் நாட்களைக் கணக்கிட முடியும்.

நான்காம் படி: வலியைத் தேடுங்கள்

குறிப்புப் புத்தகம் நிரம்பும் வரை இந்தப் படிக்காகக் காத்திருக்க வேண்டாம்; இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கட்டும்.

இரைப்பைப் புண் முதலில் நினைவுக்கு வர வேண்டும். குதிரையின் இரைப்பை நாள் முழுவதும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வயிறு பல மணி நேரம் காலியாக இருந்தால் அந்த அமிலம் இரைப்பையின் மேற்பகுதியை அரிக்கும். வார் இறுக்கும்போது கடிக்க வருவது, தானியத்தைப் பாதியில் விட்டு விலகுவது, உடல் இளைப்பது, ரோமம் மங்குவது ஆகியவை இதன் அடையாளங்கள். எண்டோஸ்கோப் என்ற நீண்ட உள்நோக்குக் குழாயைக் கொண்டு பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும் என்றாலும், கொள்ளும் தவிடும் இருவேளை நிறையக் கொடுத்துவிட்டுப் புல்லைக் குறைக்கும் வழக்கத்தை இன்றே மாற்றலாம். நாள் முழுவதும் மெல்லும்படி காய்ந்த புல் இருக்கட்டும். வேலைக்கு முன் சிறிது புல் தின்ன விடுங்கள்.

அடுத்தது முதுகு. சேணத்தை எடுத்துவிட்டு, முதுகெலும்பின் இருபுறமும் விரல்களால் சீராக அழுத்திக்கொண்டே முன்னிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். ஓர் இடத்தில் முதுகைத் தாழ்த்தி விலகினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சில குதிரைகளுக்கு முட்டை வெளிப்படும் நாளையொட்டி இடுப்புப் பகுதியில் வலி இருக்கலாம். அது ஓரிரு நாளில் தணியும். எப்போதும் அதே இடத்தில் வலித்தால் சேணத்தின் பொருத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். நொண்டல், கூரான பற்கள், வாய்ப்புண், குளம்பு வலி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

அடிக்கடி சிறுநீர் கழிப்பது பருவத்துக்கு மட்டும் உரியதன்று. முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகக் கழித்தாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, பிறப்புறுப்பில் சீழ் கசிந்தாலோ, சிறுநீர்ப்பைக் கல் அல்லது தொற்று இருக்கக்கூடும். உடனே மருத்துவரை அழையுங்கள்.

ஐந்தாம் படி: லாயத்தையும் அன்றாட வேலையையும் ஒழுங்குபடுத்துங்கள்

பருவத்தோடு தொடர்பு உறுதியானால், மருந்துக்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். ஆண் குதிரையின் லாயத்தை ஒட்டிப் பெண் குதிரையைக் கட்டக் கூடாது. பார்வையை மட்டும் மறைத்தால் போதாது, வாசனையும் குரலும் எட்டும். ஒரே வேலியின் இருபுறமும் அவற்றை மேய விட்டால் வேலியை உதைத்துக் கால் முறியும் அபாயமும் உண்டு. நாளெல்லாம் லாயத்துக்குள் கட்டியே வைத்திருப்பது எரிச்சலைக் கூட்டும். பழகிய துணைக் குதிரையோடு திறந்த வெளியில் உலாவ விடுவது குறைக்கும். புதிய குதிரைகளை அறிமுகம் செய்வதை இந்த நாட்களில் தவிர்த்துவிடுங்கள்.

அருகில் செல்லும்போது குரல் கொடுத்து, தோள்பக்கமாக அணுகுங்கள். உருவி விடும்போது ஒரு கையை எப்போதும் அதன் உடல் மீது வைத்திருங்கள். நேர் பின்னால் நிற்காதீர்கள். விலா, அடிவயிறு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் கடினமான தூரிகைக்குப் பதில் மென்துணியைப் பயன்படுத்துங்கள். வாரை ஒரே மூச்சில் இறுக்காமல், சற்றே இறுக்கி, பத்து அடி நடத்தி, மறுபடியும் ஒரு துளை இறுக்குங்கள். அனுபவமில்லாதவர்களும் சிறுவர்களும் இந்த நாட்களில் தனியாக அதைக் கையாளக் கூடாது.

வேலையை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. கடினமான புதுப் பாடங்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்து, ஏற்கெனவே தெரிந்தவற்றைக் குறுகிய நேரம் செய்யுங்கள். நீள்கயிற்றில் சில நிமிடங்கள் நடத்திவிட்டு ஏறினால் குதிரையின் மனநிலை முன்கூட்டியே புலப்படும். சவாரியில் அடிக்கடி திசை மாற்றம், வளைவு, நின்று நடப்பது என்று கவனத்தை உங்கள் பக்கம் வைத்திருங்கள். விலாவில் கால் அழுத்தம் தாங்காமல் கத்தினால், அழுத்தத்தைக் கூட்டாமல் குறைத்து, குரலாலும் உடல் எடையாலும் சொல்லுங்கள். குழுவாகப் போகும்போது மற்றக் குதிரைகளிடமிருந்து இரண்டு குதிரை நீளமாவது இடைவெளி விடுங்கள்.

அடிப்பது கூடாது. உடலின் தூண்டுதலால் வரும் நடத்தைக்கு அடி வாங்கும் குதிரை, அந்த அடியை உங்களோடும் சேணத்தோடும் இணைத்து நினைவில் வைத்துக்கொள்ளும். பருவம் முடிந்த பிறகும் முரண்டு நீடிக்க அது ஒன்றே போதும். அதே வேளையில், மேலே இடித்துக்கொண்டு வருவதைப் பருவம் என்று சொல்லி அனுமதிக்கவும் வேண்டாம். அமைதியாகப் பின்னுக்கு நகர்த்தி, தன் இடத்தில் நின்றதும் பிடியைத் தளர்த்துங்கள்.

ஆறாம் படி: மருத்துவப் பரிசோதனை

மலக்குடல் வழியாகச் செய்யும் ஸ்கேன் சூலகத்தின் நிலையைக் காட்டும். இரத்தத்தில் புரோஜெஸ்டிரான் அளவு சுழற்சியின் எந்தக் கட்டம் என்பதை உறுதிப்படுத்தும். தொல்லை தந்த நாளில் ஒரு முறையும் அமைதியான நாளில் ஒரு முறையும் பரிசோதித்தால் ஒப்பிட எளிது.

குதிரை இடைவிடாமல் பருவ நடத்தை காட்டினாலோ, பருவமே வராமல் ஆண் குதிரை போலக் கழுத்தை வளைத்துப் பிற பெண் குதிரைகள் மீது ஏற முற்பட்டாலோ, திடீரென மூர்க்கமானாலோ, கிரானுலோசா செல் கட்டி என்ற சூலகக் கட்டி இருக்கலாம். பெண் குதிரைகளின் சூலகத்தில் வரும் கட்டிகளில் இதுவே மிகவும் பொதுவானது. ஒரு சூலகம் பெருத்தும் மற்றது சுருங்கிச் செயலற்றும் காணப்படும். இரத்தத்தில் ஏஎம்எச் (ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன்), இன்ஹிபின், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவுகள் இதைக் கண்டறிய உதவும். பாதிக்கப்பட்ட சூலகத்தை அகற்றிய பின் பெரும்பாலான குதிரைகள் இயல்புக்குத் திரும்புகின்றன.

ஏழாம் படி: மருந்து

பருவ நடத்தையை அடக்க உலகில் அதிகம் பயன்படுவது அல்ட்ரெனோஜெஸ்ட் என்ற வாய்வழி மருந்து. இது புரோஜெஸ்டிரான் போலச் செயல்படும். நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 0.044 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 400 கிலோ குதிரைக்கு அது 17.6 மில்லிகிராம். கொடுக்கத் தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில் பருவ அறிகுறிகள் அடங்கும். நிறுத்தினால் சில நாட்களில் திரும்பும். கருப்பையில் தொற்று இருக்கும் குதிரைக்கு இதைக் கொடுக்கக் கூடாது. ஆகவே மருத்துவர் பரிசோதித்து எழுதித் தராமல் தொடங்க வேண்டாம்.

குதிரையைவிட மனிதருக்கு இது அதிக ஆபத்தானது என்பதால் மிகவும் கவனமாக இருங்கள். எண்ணெய்க் கரைசலான இந்த மருந்து தோல் வழியாக உடலுக்குள் செல்லும். கர்ப்பிணிகளும், கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று நினைக்கும் பெண்களும், இரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. மற்றவர்கள் நைட்ரைல் அல்லது வினைல் கையுறை அணிய வேண்டும். லேடெக்ஸ் கையுறை பாதுகாப்புத் தராது. தீவனத் தொட்டியில் மருந்து எஞ்சியிருந்தால் அதைக் கழுவும் பணியாளருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். லாயத்தில் வேலை செய்பவர்களிடம் சொல்லாமல் இந்த மருந்தைக் கொடுப்பது பெரும் தவறு.

போட்டிக்குச் செல்லும் குதிரையானால் விதிகளை முன்பே கேட்டறியுங்கள். பெண் குதிரைகளின் பருவ நடத்தைக்காக இதைச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அனுமதிக்கிறது. பந்தய விதிகள் இடத்துக்கு இடம் மாறும். புரோஜெஸ்டிரானை ஒத்த இன்னொரு மருந்தான மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் ஊசி சில இடங்களில் பழக்கத்தில் இருந்தாலும், அது பெண் குதிரையின் பருவத்தைத் தடுப்பதில்லை. கருப்பைக்குள் கண்ணாடிக் கோலிகுண்டு வைக்கும் பழைய முறையையும் யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். கோலி உடைவதும் கருப்பையில் சீழ் பிடிப்பதும் பதிவாகியுள்ளன, பலனும் உறுதியில்லை.

நோயற்ற சூலகங்களை அறுவை சிகிச்சையால் அகற்றுவதைக் கடைசி வழியாகவே கருத வேண்டும். புரோஜெஸ்டிரான் இல்லாமற்போவதாலும், அட்ரீனல் சுரப்பி சிறிதளவு பால் ஹார்மோன்களைச் சுரப்பதாலும், சூலகம் அகற்றிய சில குதிரைகள் அதன் பிறகும் பருவ அறிகுறி காட்டுகின்றன. அமைதிப்படுத்துவதற்காகச் சினைப்படுத்துவதும் ஏற்கத் தக்கதன்று. பதினொரு மாதச் சினைக்காலத்துக்குப் பின், குட்டி ஈன்ற ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அது மறுபடியும் பருவத்துக்கு வரலாம், அப்போது உங்களிடம் வளர்க்க வேண்டிய இரண்டு குதிரைகள் இருக்கும்.

மருந்து தொடங்கிய பிறகும் குறிப்புப் புத்தகத்தை நிறுத்தாதீர்கள். அறிகுறிகள் அடங்கி, கடியும் உதையும் மட்டும் அப்படியே நீடித்தால், நான்காம் படிக்குத் திரும்பி, இரைப்பையிலிருந்து மீண்டும் தேடத் தொடங்குங்கள்.