விந்தகத்தில் நரம்புச் சமிக்ஞை மூலக்கூறுகளை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவி மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தார். "மேடம், போதைமருந்து கொடுத்த எலிகளோட விந்தகத்துல ஜி.டி.என்.எஃப். புரதம் ரெண்டு மடங்கு ஏறியிருக்கு." முகமெல்லாம் சிரிப்பு. "விந்தகத்தோட எடை என்ன?" என்று கேட்டேன். எடை போடவில்லை என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் நானும் இதே இடத்தில்தான் இடறினேன்.

டோஸைச் சரியாகக் கணக்கிடுவது, மருந்து கொடுக்காத குழுவுக்கும் உப்புநீர் ஊசி போடுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிராமுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது

ஜி.டி.என்.எஃப். 1993-இல் டோபமின் நரம்பு செல்களைக் காக்கும் புரதமாக அறிமுகமானது. விந்தகத்தில் அதை முக்கியமாகச் சுரப்பவை செர்டோலி செல்கள், அதாவது வளரும் விந்தணுக்களைத் தாங்கி ஊட்டும் செல்கள். விந்தணுத் தண்டு செல்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள அது வேண்டும். வளர்ந்த எலியில் செர்டோலி செல்கள் பெருகுவதில்லை, எளிதில் சாவதும் இல்லை. மருந்தின் அடி முதலில் விழுவது விந்தணுவாக மாறிக்கொண்டிருக்கும் செல்கள் மீதுதான். விந்தக எடையில் பெரும்பங்கு அவற்றுடையது.

ஒரு கணக்குப் போடுவோம். நல்ல விந்தகம் 1.6 கிராம், அதில் ஜி.டி.என்.எஃப். 160 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமுக்கு 100. மருந்து கொடுத்தபின் எடை 0.8 கிராமாகிறது, செர்டோலி செல்கள் அதே 160 அலகைச் சுரக்கின்றன. இப்போது கிராமுக்கு 200. எதுவும் ஏறவில்லை, ஆனால் வரைபடம் இரண்டு மடங்கு என்கிறது. இதைவிட மோசமும் நடக்கலாம். மொத்தம் 100 அலகாகக் குறைந்திருந்தாலும் கிராமுக்கு 125 என்று வரும். உண்மையில் வீழ்ச்சி, நாம் எழுதுவதோ உயர்வு!

நான் எட்டு மாதம், நாற்பது எலிகளை வைத்து இப்படி ஒரு 'உயர்வை'க் கண்டுபிடித்தேன். கருத்தரங்குக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன். எடைகள் என் கைப்பட நோட்டில் இருந்தன, நான்தான் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு நிமிட வேலை அது. அதைச் செய்யாததால் நாற்பது உயிர்கள் வீணாயின என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போதும் கட்டுரைகளை மதிப்பீடு செய்யும்போது இதே பிழையைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு விந்தகங்களையும் எடை போடுங்கள். கிராமுக்கு எவ்வளவு என்பதோடு, ஒரு விந்தகத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பதையும் கொடுங்கள். சாக்ஸ்-9 போன்ற செர்டோலி அடையாளப் புரதத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வெட்டுத்துண்டை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். விந்தணு உருவாகும் குழல்கள் சுருங்கி, சுவரில் ஒற்றை வரிசை செல்கள் மட்டும் நின்று, நடுவே வெறுமையாக இருந்தால் கதை அங்கேயே தெரிந்துவிடும். சாயம் போட்ட துண்டைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எல்லாவற்றையும் நரம்பின் தலையில் கட்டுவது

விந்தகத்துக்கு வரும் நரம்புகள் உறையிலும் ரத்தக்குழாய்களை ஒட்டியும் ஓடுகின்றன. விந்தாக்கக் குழல்களுக்குள் அவை நுழைவதில்லை. உடலே சுரக்கும் வலிநிவாரணியான பீட்டா எண்டார்ஃபினை, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லீடிக் செல்களே தயாரிக்கின்றன. ஆகவே 'நரம்பு மூலக்கூறு' குறைந்துவிட்டது என்பதற்காக நரம்பு கெட்டுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

மூளையை மறப்பது

மார்ஃபின், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனின் சுரப்பை அடக்குகிறது. அதனால் விந்தகத்தைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எல்.எச். குறையும், டெஸ்டோஸ்டிரோனும் குறையும். விந்தகத்தில் நீங்கள் காணும் மாற்றம் இதன் விளைவாக மட்டுமே இருக்கலாம். எல்.எச். அளக்காமல் "மருந்து விந்தகத்தை நேரடியாகத் தாக்குகிறது" என்று சொல்ல வழியில்லை. தனியே வளர்த்த லீடிக் செல்களில் மருந்தைப் போட்டும் பாருங்கள்.

ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளில் இன்னொரு சிக்கல் உண்டு. எலிகள் சாப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும். அதே அளவு குறைவாகத் தீனி கொடுத்த ஒரு குழுவும் இல்லையென்றால், பட்டினியின் விளைவை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

எம்.ஆர்.என்.ஏ. கிடைத்ததும் குதிப்பது

எம்.ஆர்.என்.ஏ. என்பது புரதம் செய்வதற்கான ஜீனின் நகல். விந்தகத்தில் ஏராளமான ஜீன்கள் விழித்திருக்கும். வளரும் விந்தணு செல்கள் எம்.ஆர்.என்.ஏ.வைப் புரதமாக்காமல் நாள்கணக்கில் சேமித்தும் வைக்கும். டோபமின் ஏற்பியின் எம்.ஆர்.என்.ஏ. தெரிந்தால் புரதத்தையும் தேடுங்கள்.

ஏழாம் நாளில் முடித்துவிடுவது

எலியில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 52 நாள், மனிதனில் சுமார் 74. ஏழாம் நாளில் நிறுத்தினால் அந்தப் பயணத்தின் சிறு பகுதியைத்தான் பார்த்திருப்பீர்கள்.

ஐஸ் மேல் வைத்துவிட்டு அடுத்த எலிக்குப் போவது

டோபமினும் நோராட்ரினலினும் சிதைந்துகொண்டே இருக்கும். எடுத்தவுடன் எடை, உடனே திரவ நைட்ரஜன்.

அந்த மாணவி அன்று ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம்தான் நினைவு வந்து சொன்னார், அதே எலிகளின் இடது விந்தகங்கள் பாரஃபின் பிளாக்குகளாக இருக்கின்றன என்று. திங்கட்கிழமை காலை இருவரும் உட்கார்ந்து வெட்டப்போகிறோம். முதலில் குழல்களைப் பார்ப்போம், பிறகு சாக்ஸ்-9 சாயம் போட்டுச் செர்டோலி செல்களை எண்ணுவோம்.