மாடல் ராக்கெட்: ஷாக் கார்டுக்கு எந்த முடிச்சு?

ஃபின் (வால் இறகு) எப்படி ஒட்டுவது, மோட்டாரை எப்படிச் செருகுவது எல்லாம் கிட்டோடு வரும் தாளிலேயே இருக்கும். ஷாக் கார்டு, அதாவது பாராசூட் வெளியே வரும்போது கூம்பும் உடலும் பிரிந்து போகாமல் பிடித்துக்கொள்ளும் கயிறு, விஷயத்தில் மட்டும் ‘மூக்குக் கூம்பில் கட்டவும்’ என்று ஒரே வரியோடு நிறுத்திவிடுவார்கள். எப்படிக் கட்டுவது என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

1. நூலைப் பாருங்கள்

நான் மோட்டார் பக்கம் கெவ்லார் (சூடு தாங்கும் வலுவான செயற்கை நூல்), கூம்புப் பக்கம் எலாஸ்டிக் போடுவேன். பாராசூட்டை வெளியே தள்ளும் சூடான வாயு முதலில் படுவது மோட்டார் பக்கம்தான். நைலான் 220 முதல் 260 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். கெவ்லார் உருகாது, 400 டிகிரியைத் தாண்டினால்தான் சிதையத் தொடங்கும். ஆனால் வழுவழுவென்று இருக்கும், இழுத்தால் நீளவும் நீளாது. சாதாரண ஒற்றை முடிச்சு அதில் நழுவும்.

2. கெவ்லாருக்கு ‘8’ வடிவ எட்டு முடிச்சு

மோட்டார் மவுண்டில் (மோட்டாரைப் பிடித்து நிற்கும் பகுதி) கட்ட இதுதான். நுனியில் ஒரு சாண் விட்டு, நூலில் தளர்வாக ‘8’ வடிவம் போடுங்கள். நுனியை மவுண்டைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இனிதான் எல்லோரும் குழம்பும் இடம். வந்த நுனி, ஏற்கெனவே போட்ட எட்டின் தடத்திலேயே பின்னோக்கி, பக்கத்தில் ஒட்டியபடி போக வேண்டும். குறுக்கே தாண்டக் கூடாது. கடைசியில் நுனி, நீளமான நூல் வெளியேறும் பக்கமாகவே அதோடு சேர்ந்து வெளியே வரும். எதிர்ப்பக்கம் வந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள். ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எல்லா இடத்திலும் இரண்டு இழை ஜோடியாக ஓடுகிறதா என்று பார்த்து, எச்சிலோ தண்ணீரோ தொட்டு, மெதுவாக இறுக்குங்கள். குறைந்தது இரண்டு விரற்கடை வால் மிஞ்சட்டும்.

பௌலைன் முடிச்சு போடச் சொல்வோர் நிறைய. போடச் சுலபம், அவிழ்க்கவும் சுலபம். எனக்கு இங்கே பிடிக்காததும் அதனால்தான்: சுமையில்லாமல் ஆடும்போது தளர்ந்துவிடும். குழாய்க்குள் ஷாக் கார்டு சுமையில்லாமல்தானே கிடக்கிறது!

3. எலாஸ்டிக்கை இணைப்பது

கெவ்லாரின் மறுநுனியில் நூலை மடித்து எட்டு முடிச்சாலேயே ஒரு கண்ணி. எலாஸ்டிக்கை அதில் கோத்து, இரண்டு அரைமுடிச்சு. எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்தபடியே இறுக்க வேண்டும். இழுத்தால் அது மெலியும் அல்லவா? தளர்வாக இருக்கும்போது இறுக்கிய முடிச்சு, இழுபடும்போது நழுவும்.

இந்த இணைப்பு குழாயின் வாய்க்குச் சற்று உள்ளேயே நிற்கட்டும். மெல்லிய கெவ்லார் வாயைத் தாண்டி வெளியே வந்தால், வெடுக்கென்று இழுபடும்போது அட்டைக் குழாயை ஜிப் திறப்பதுபோல் கிழித்துவிடும்.

4. பாராசூட்

இதற்கு முடிச்சே வேண்டாம். கயிறுகளின் கண்ணியைக் கூம்பின் வளையத்தில் நுழைத்து, அந்தக் கண்ணி வழியே பாராசூட்டையே இழுத்தெடுங்கள். காற்று பலமென்றால் கழற்றிச் சின்னதை மாட்ட அரை நிமிடம்.

5. பசை

முடிச்சின் மேல் ஒரு துளி வெள்ளைப் பசை. சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம்; இழை விறைத்து, பசை முடியும் ஓரத்தில் ஒடியும்.

பின்சேர்க்கை: 13 மி.மீ. மோட்டார் போடும் ஒல்லிக் குழாயில் முடிச்சு பெருத்துப் பாராசூட் சிக்குகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். இன்னும் மெல்லிய கெவ்லாருக்கு மாறுங்கள். எட்டு முடிச்சை மட்டும் விட வேண்டாம். ஒவ்வொரு முறை பறந்த பிறகும் முடிச்சை விரலால் நெருடிப் பாருங்கள். கருகி மொரமொரவென்று இருந்தால், வெட்டிவிட்டுப் புது நூல்.