தொட்டிக் கலவையும் நுண்ணுயிரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகுச் செடிகளுக்கு உயிருள்ள கலவை தயாரிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் நுண்ணுயிர் பாக்கெட்டைத்தான். நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா ஒன்று, நோயைத் தடுக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஒன்று, வேரோடு கூட்டுச் சேர்ந்து சத்து எடுத்துத் தரும் வேர் உட்பூசணம் (மைக்கோரைசா) ஒன்று. இவையெல்லாம் எதில் போய் வாழப்போகின்றன என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. காற்றும் ஈரமும் மட்கிய பொருளும் சரியாக அமையாத கலவையில் எந்த நுண்ணுயிரும் நிலைக்காது.

கலவையின் அடிப்படைப் பொருளிலேயே பிழை தொடங்கிவிடுகிறது. கலவைக்குப் பயன்படும் பீட் மாஸ் (பாதி மட்கிய பாசி) சதுப்பு நிலங்களில் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் சேர்கிறது. வெட்டியெடுத்தால் ஈடு செய்யப் பல நூற்றாண்டுகள் ஆகும். அதனால் பலர் தேங்காய் நார்க்கழிவான கோகோபீட்டுக்கு மாறியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் கட்டியை நனைத்து உதிர்த்து, அப்படியே தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். கோகோபீட்டில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் அதிகம். தண்ணீரில் அலசினால் கரையும் உப்பு மட்டும் போகும், நார்த்துகளோடு ஒட்டியிருப்பது போகாது. பிறகு நீங்கள் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் துகள்கள் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக அந்தச் சோடியத்தை வேருக்கு விடும். நுனி இலை சுருண்டு, ஓரம் கருகும்போது நோய் என்று நினைத்து மருந்தடிப்போம். அலசிய பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, மறுபடியும் அலசி வடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

மட்காத மரத்தூள் இன்னொரு பொறி. அதில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சில நூறு பங்கு கார்பன் இருக்கும். நுண்ணுயிர்களுக்கு வசதியான விகிதமோ 25 முதல் 30 வரைதான். பற்றாத நைட்ரஜனை அவை கலவையிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செடியின் அடி இலைகள் வெளிறும். நுண்ணுயிர் குறைவு என்று இன்னொரு பாக்கெட் போட்டால் பசி கூடுமே தவிரக் குறையாது. பெரிய மரப்பட்டைத் துண்டுகளுக்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, அவை மெதுவாகத்தான் மட்கும்.

மண்புழு உரத்தை அளவில்லாமல் போடுவதும் வழக்கமாகிவிட்டது. கன அளவில் 10 முதல் 20 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் நுண்துகள்கள் இடைவெளிகளை அடைத்து, தண்ணீர் தேங்கி, காற்றில்லாமல் வேர் அழுகும். முகர்ந்து பாருங்கள்: நல்ல எருவில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும், அம்மோனியா நெடி அடித்தால் இன்னும் மட்கவில்லை. தொட்டி அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். நுண்துகள் கலவை ஜல்லியைத் தொடும் இடத்தில் தண்ணீர் நின்றுவிடும். ஈரப் பகுதி வேருக்கு இன்னும் அருகில் வருவதுதான் மிச்சம். கரடான துகளைக் கலவை முழுவதும் கலக்க வேண்டும்.

சரி, நுண்ணுயிர்களுக்கு வருவோம். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி ஊற்றிய தொட்டியில் அதையே போட்டால் கொல்லத்தான் கொடுக்கிறோம். வேர் உட்பூசணத்துக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். வேரைத் தொட்டால்தான் பற்றும், அதனால் மேலே தூவாமல் நடும்போது வேரடியில் இடுங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) தாராளமாக இருந்தால் செடி அதோடு அவ்வளவாக உறவு வைத்துக்கொள்ளாது. கார்னேஷன் போன்ற செடிகள் இந்தப் பூசணத்தோடு பொதுவாகக் கூட்டுச் சேர்வதில்லை. ஆர்க்கிட், அசேலியா வகைகளுக்கு வேறு பூசணங்கள் தேவை. பாக்கெட்டில் 'எல்லாச் செடிகளுக்கும்' என்று இருந்தால் நான் நம்பமாட்டேன்.

குழாய்த் தண்ணீரின் குளோரின் பற்றிய கவலை கொஞ்சம் மிகை. கலவையின் மேற்பரப்பில் உள்ள மட்கிய பொருளே அதைப் பெரும்பாலும் செயலிழக்கச் செய்துவிடும். ஆனால் நுண்ணுயிரைக் கரைக்கும் தண்ணீரில் மட்டும் குளோரின் இருக்கக் கூடாது.

கலவையைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நாற்றுகளை அழுகவைக்கும் பூஞ்சைகளை ஒழிக்க 60 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்தாலே போதும். அதற்கு மிக அதிகமாகச் சூடேற்றினால் நல்லவையும் அழிந்து, வெற்றிடத்தில் முதலில் நுழையும் நோய்க்கிருமிக்குப் போட்டியே இல்லாமல் போகும்.

பழைய கலவையை ஆண்டுதோறும் கொட்டிவிடுவது தேவையற்ற செலவு. சலித்து, பழைய வேர்களை எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புதிய கரடான பொருளும் கொஞ்சம் மட்கிய எருவும் சேர்த்தால் மறுபடியும் பயன்படும். செடி வேரழுகி இறந்த தொட்டியின் கலவையை மட்டும் அப்படியே திரும்பப் பயன்படுத்தாதீர்கள். வெப்பமேறும் எருக்குவியலில் சேர்த்துவிடுங்கள்.